வலை போட்டு பத்து நாள் கழித்து ஏன் புண் வருகிறது?

மன்னார்குடி பக்கத்திலிருந்து ஒரு வாசகர்: குளத்தில் கட்லா, ரோகு, மிர்கால் வளர்க்கிறேன். ஐப்பசியில் இழுவலை போட்டுப் பெரிய மீனை மட்டும் பிடித்து விற்றுவிட்டு மீதியைத் திரும்ப விட்டேன். அன்றைக்கு எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. பத்து நாள் போனதும் உடம்பில் சிவப்புப் புண், வால் பக்கம் பஞ்சு மாதிரி படிந்திருக்கிறது. தீவனக் கடையில் ஆன்டிபயாட்டிக் கலந்து போடச் சொல்கிறார்கள். என் மகளோ இது ஹார்மோனால் வருவது என்கிறாள். மீனுக்கு என்ன ஹார்மோன்?

உங்கள் மகள் சொல்வதில் பெரும்பகுதி சரி. வலைக்குள் மீன் துள்ளி, நெருக்கியடித்து, மூச்சுக்குத் திணறும்போது அதன் மூளை, தனக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சேதி அனுப்புகிறது, அது தலைச் சிறுநீரகத்தை (தலைக்குப் பின்னால் இருக்கும் சிறுநீரகத்தின் முன்பகுதி) தூண்டுகிறது, அங்கிருந்து கார்டிசால் என்கிற ஹார்மோன் ரத்தத்தில் இறங்குகிறது. மனிதர்களுக்குப் பதற்றத்தில் சுரக்கிற அதே கார்டிசால்தான். ஆனால் மீனில் ஒரு விசேஷம் உண்டு. மீனுக்கு எலும்பு மஜ்ஜை கிடையாது. ரத்த அணுக்களும் நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களும் பெரும்பாலும் அந்தத் தலைச் சிறுநீரகத்திலேயே உருவாகின்றன. கார்டிசால் சுரக்கும் செல்லும் எதிர்ப்பு அணுவும் ஒரே வீட்டில் குடியிருப்பது மாதிரி. அங்கே கார்டிசால் ஏறினால் அடுத்த அறையில் தெரியாமல் இருக்குமா?

கார்டிசாலைக் கெட்டது என்று ஒதுக்கிவிட வேண்டாம். முதல் சில மணி நேரம் அது நல்லதே செய்கிறது: சேமித்த சக்தியை எடுத்துக் கொடுக்கிறது, நியூட்ரோஃபில் என்கிற முன்வரிசை வெள்ளை அணுக்கள் ரத்தத்தில் கூடுகின்றன. நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் சாதாக் கெண்டையை வைத்து ஆராய்ந்தவர்கள், கார்டிசால் இந்த நியூட்ரோஃபில்களைச் சாகாமல் காப்பதையும், அதே நேரத்தில் எதிர்ப்பொருளை உண்டாக்கும் பி அணுக்களைச் சாகடிப்பதையும் கண்டார்கள். அவசரக் காவல் நிற்கிறது, நீண்டகாலப் பாதுகாப்பு சரிகிறது. கூடவே, காயம் பட்ட இடம் சிவந்து வீங்குவதற்கான சேதிகளையும் கார்டிசால் அடக்குகிறது. அந்த அழற்சி அளவோடு இருந்தால்தான் கிருமி அழிந்து புண் ஆறும். அதை நாள்கணக்கில் அடக்கி வைத்தால் வலை உரசிச் செதில் போன இடம் ஆறாமல் திறந்தே கிடக்கும், குளத்தில் எப்போதும் இருக்கிற ஏரோமோனாஸ் பாக்டீரியாவும் பூஞ்சையும் உள்ளே புகுந்துவிடும். நீங்கள் பார்த்த பத்து நாள் இடைவெளி அதனால்தான்.

ஒரே ஒரு நாள் வலை என்றால் கார்டிசால் சீக்கிரமே இறங்கிவிடும். உங்களுக்கு வந்தது ஐப்பசி. அடைமழை, வெயில் இல்லாத வானம், விடியற்காலையில் ஆக்சிஜன் குறைந்து மீன் மேலே வந்து வாய் பிளப்பது, தண்ணீர் குளிர்ந்து எதிர்ப்பு அணுக்களே மந்தமாவது என்று ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. அந்தப் பருவத்தில் பாதி மீனைப் பிடித்து மீதியைத் திரும்ப விடுவதை முடிந்தவரை தவிருங்கள் என்றுதான் சொல்வேன்.

ஆன்டிபயாட்டிக் பஞ்சு மாதிரி படியும் பூஞ்சையைத் தொடவே தொடாது. பரிசோதிக்காமல் போடாதீர்கள். புண் உள்ள மீனை உயிரோடு மீன்வளத் துறையிடமோ நாகப்பட்டினத்தில் உள்ள மீன்வளப் பல்கலைக்கழகத்திலோ காட்டுங்கள். அடுத்த முறை வலைக்கு முந்தின நாளே தீவனத்தை நிறுத்துங்கள். பொழுது விடிவதற்கு முன்பு ஆக்சிஜன் அடிமட்டத்தில் இருக்கும், அதனால் வெயில் கொஞ்சம் ஏறியபின், ஏரேட்டர் ஓட, கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். திரும்ப விடும் மீனை லிட்டருக்கு 20 முதல் 30 கிராம் கல்லுப்பு கரைத்த தண்ணீரில் ஓரிரு நிமிடம் முக்கி விடலாம், பக்கத்திலேயே நின்று பாருங்கள், மீன் சாய்ந்தால் உடனே எடுத்துவிட வேண்டும்.

பாபநாசம் வாசகர்: தாய் மீனுக்கு ஹார்மோன் ஊசி போட்டு முட்டை எடுத்தபின் சிலவற்றுக்குப் பூஞ்சை பிடிக்கிறது. ஊசியில் கோளாறா?

ஊசியைக் குறை சொல்ல முடியாது. 1957இல் ஒடிசாவில் மீன்வள விஞ்ஞானி ஹீராலால் சௌத்ரி பிட்யூட்டரிச் சாறு செலுத்தி நம் கெண்டைகளைக் குளத்திலேயே முட்டையிட வைத்தார், இன்றைக்கு நாம் வாங்கும் குஞ்சுகள் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவைதான். சினைப் பருவத்து இனப்பெருக்க ஹார்மோன்களே எதிர்ப்புச் சக்தியைக் கொஞ்சம் தாழ்த்தக்கூடியவை. சால்மன் மீனில் டெஸ்டோஸ்டிரான் எதிர்ப்பொருள் தரும் அணுக்களைக் குறைத்தது, கார்டிசாலும் சேர்ந்தபோது இன்னும் குறைத்தது. அந்த நிலையில் மீனைக் கையில் பிடித்து வயிற்றை அழுத்தினால் மேல் வழவழப்பும் போய்விடுகிறது. கையை நனைத்துக்கொள்ளுங்கள், ஈரத் துணியில் தாங்குங்கள். முட்டை எடுத்த மீனை நேரே நெருக்கமான குளத்தில் தள்ளாமல் தனித் தொட்டியில் சில நாள் ஓய்வாக விடுங்கள்.

திருவாரூர் வாசகி: எதிர்ப்புச் சக்திக்கு ஹார்மோனையே தீவனத்தில் கொடுக்கலாமா?

வேண்டாம். வளர்ச்சி ஹார்மோன் வெள்ளை அணுக்களைச் சுறுசுறுப்பாக்குவது ஆய்வகத்தில் தெரிந்த விஷயம், குளத்துக்கு அது பொருந்தாது. வைட்டமின் சி கொடுங்கள். பெரும்பாலான வளர்ப்பு மீன்களால் அதைத் தானாக உண்டாக்கிக்கொள்ள முடியாது, தவிட்டிலும் கடலைப் புண்ணாக்கிலும் அது அநேகமாக இல்லை. தண்ணீரில் சீக்கிரம் கரைந்துபோகும் என்பதால் எண்ணெய் பிசறிக் கலந்து அன்றன்றைக்குப் போடுங்கள்.