டெலிஷியஸ் மான்ஸ்டர் பழம்: செதில் தானாக உதிரட்டும்

கேள்வி: டர்பன், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். பின்கட்டில் அவகாடோ மரத்தின் மேல் ஏறியிருக்கும் டெலிஷியஸ் மான்ஸ்டர் கொடியில், பச்சை மக்காச்சோளக் கதிர் போல மூன்று காய்கள் நிற்கின்றன. பிள்ளைகள் தின்று பார்க்கத் துடிக்கிறார்கள். ஆயாவோ, "விஷம், தொடாதே" என்கிறார். எது சரி?

பதில்: காயைப் பற்றி ஆயா சொல்வது சரி. நன்றாகப் பழுத்துவிட்டால் பிள்ளைகள் ஆசைப்படுவதிலும் தப்பில்லை. அன்னாசியும் வாழைப்பழமும் கலந்தாற்போன்ற அருமையான ருசி அது. மான்ஸ்டெரா டெலிசியோசா என்ற தாவரப் பெயரில் உள்ள 'டெலிசியோசா' இந்தப் பழத்தின் சுவையைத்தான் குறிக்கிறது.

மெக்சிகோவிலிருந்து வந்த இந்தக் கொடி, மடும்பிக்கும் (சேப்பங்கிழங்கு) கருணைக்கிழங்குக்கும் உறவு. சரியாக வேகாத கருணை தொண்டையில் காறுமல்லவா? கண்ணுக்குத் தெரியாத கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் வாயிலும் தொண்டையிலும் குத்துவதால் வரும் காறல் அது. அதே ஊசிகள் இந்தக் காயிலும் ஏராளம். பழுக்கப் பழுக்கத்தான் குறையும். கருணையைப் போலப் புளி விட்டு வேகவைத்துப் பார்க்கலாமே என்று தோன்றும். வேண்டாம், இதற்குப் பழுப்பது ஒன்றே வழி.

பூத்ததிலிருந்து பழுக்க ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். போன வருடத்துக் காயும் இந்த வருடத்துப் பூவும் ஒரே கொடியில் நிற்கும் என்பதால், அளவை மட்டும் பார்த்துப் பறித்துவிடாதீர்கள். காம்பை ஒட்டிய அறுகோணச் செதில்களைப் பாருங்கள். அவை வெளிறி, இடையே விரிசல் விட்டு, ஒன்றிரண்டு தூக்கிக்கொண்டு நின்றால் காம்போடு வெட்டலாம். அதற்கு முன் வெட்டினால் பழுக்காமலே வதங்கிப்போகும். கொடியின் சாறும் அரிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

வெட்டியதைச் செய்தித்தாளில் தளர்வாகச் சுற்றிச் சமையலறை மூலையில் வையுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் பழுப்பது நின்றுவிடும். தினமும் காலையில் பிரித்துப் பாருங்கள். பழம் ஒரே நாளில் முழுதாகப் பழுக்காது. காம்புப் பக்கம் தொடங்கி நுனி வரை, நாளுக்குச் சில சென்டிமீட்டராக, ஐந்தாறு நாளில் செதில் உதிரும். உதிர்ந்த இடத்தில் தெரியும் வெண்மஞ்சள் சதை மட்டுமே அன்றைக்கு உங்களுடையது.

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். பாதிப் பழம் இனித்ததும் ஆசை தாங்காமல், மீதிச் செதிலைக் கத்தியால் சீவிவிடுகிறார்கள். அடுத்த வாயிலேயே நாக்கு எரியும். விரல் பட்டதும் உதிராத செதில் இன்னும் காய்தான்.

சதையை முள்கரண்டியால் நடுத்தண்டிலிருந்து வழித்தெடுங்கள். தண்டு வேண்டாம். முத்துகளுக்கிடையே ஒட்டியிருக்கும் கருப்புத் துணுக்குகள் காய்ந்த பூவின் மிச்சம். அவையும் தொண்டையை உறுத்தும், தண்ணீரில் அலசிவிடுங்கள்.

முதல் நாள் ஆளுக்கு ஒரு தேக்கரண்டி போதும். நன்றாகப் பழுத்ததும்கூடச் சிலருக்குக் காறும். வாய் எரிவதைச் சொல்லத் தெரியாத குழந்தைகளுக்கும், சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்கும் கொடுக்காதீர்கள். காறினால் துப்பிவிட்டு வாய் கொப்பளித்து, குளிர்ந்த பாலோ தயிரோ சாப்பிடலாம். உதடோ நாக்கோ வீங்கினாலும், விழுங்கவோ மூச்சு விடவோ சிரமப்பட்டாலும் காத்திருக்க வேண்டாம். 10177 எண்ணில் ஆம்புலன்ஸை அழையுங்கள்.

ஒத்துக்கொண்டால், அன்றன்று வழித்த சதையை மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜில் சேர்த்துவாருங்கள். நுனி வரை பழுத்து முடிந்ததும் மொத்தமாகக் கெட்டித் தயிரில் கலந்து பரிமாறலாம். தேன் கூடத் தேவைப்படாது.