எலியோட நோய் எதிர்ப்பு செல்லைத் தூண்டற சிபிஜி டிஎன்ஏ (சி-யும் ஜி-யும் அடுத்தடுத்து வர்ற டிஎன்ஏ துண்டு) மனுஷ செல்லுல ஏன் சரியா வேலை செய்யல?

ரெண்டுத்துலயும் இத கண்டுபிடிக்கறது டிஎல்ஆர்9ங்கற ரிசெப்டர்தான் (கிருமிய அடையாளம் காணற புரோட்டீன்), செல்லுக்குள்ள எண்டோசோம்ங்கற சின்ன பைல இருக்கும், பாக்டீரியா டிஎன்ஏல மெத்தில்ங்கற சின்ன வேதி ஒட்டு இல்லாத சி-ஜி ஜோடி நிறைய, நம்ம டிஎன்ஏல கம்மி, அத வச்சுதான் வெளியாளுன்னு கண்டுபிடிக்குது. ஆனா அந்த ஜோடிக்கு அக்கம்பக்கத்துல என்ன எழுத்து இருக்குன்னும் பாக்கும், எலிக்கு ஜிஏசிஜிடிடி நல்லா பிடிக்கும், மனுஷனுக்கு ஜிடிசிஜிடிடி, ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம்! 2001ல இந்த ரிசெப்டர் இல்லாத செல்லுல மனுஷ ஜீனை போட்டுப் பாத்தாங்க, மனுஷ மோட்டிஃபுக்குத்தான் (அதாவது அந்த ஜிடிசிஜிடிடி வரிசைக்கு) நல்ல ரெஸ்பான்ஸ் வந்துச்சு, ஆக எந்த வரிசை வேணும்னு பாத்து எடுக்கறது ரிசெப்டரேதான்.

இன்னொன்னு, எலில மேக்ரோஃபேஜ்லயும் (கிருமிய விழுங்கற செல்) இந்த ரிசெப்டர் இருக்கு, நமக்கு முக்கியமா பி செல், பிளாஸ்மசைட்டாய்டு டெண்ட்ரிடிக் செல்ங்கற ரெண்டு வகை நோய் எதிர்ப்பு செல்லுலதான். அதனால எலி ரிசல்ட்ட அப்படியே மனுஷனுக்கு எடுத்துக்காதீங்க ப்ளீஸ். கோழிக்கு டிஎல்ஆர்9 கிடையவே கிடையாது, டிஎல்ஆர்21ங்கற வேற ரிசெப்டர்தான் அந்த வேலைய பாக்குது.