ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: ஈரோட்டில் பதினெட்டுப் பேர் வேலை செய்யும் ஜவுளி மொத்த விற்பனைக் கடையில் இரண்டு ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் 24,000 ரூபாய். தலைப்பிரசவம், இப்போது ஐந்தாம் மாதம். "பேறுகால விடுப்பெல்லாம் அரசாங்க வேலைக்கும் பெரிய கம்பெனிக்கும்தான். எழுதிக் கொடுத்துவிட்டுப் போ, பிரசவம் முடிந்து வாம்மா" என்கிறார் முதலாளி. அவர் சம்பளத்தோடு விடுப்பு தர வேண்டுமா?

பதில்: தர வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடையாக இருக்க வேண்டும், பிரசவத் தேதிக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் நீங்கள் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். இரண்டும் உங்களுக்குப் பொருந்துகின்றன. 26 வாரம் விடுப்பு உண்டு. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். ஏறத்தாழ ஆறு மாதச் சம்பளம் அது. ஒரே ஒரு தாளில் உங்கள் கையெழுத்தை வாங்கி அதை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார் உங்கள் முதலாளி.

அந்தத் தாளைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. என்னிடம் வரும் பெண்களில் பலர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வருகிறார்கள். விடுப்பில் இருப்பவரை வேலையை விட்டு நீக்கச் சட்டம் இடம் தரவில்லை. அதனால்தான் நீங்களாகவே விலகியதாகக் காட்டப் பார்க்கிறார்கள். சம்பளப் பட்டியலும் பி.எஃப். கணக்கும் பார்க்கும் கன்சல்டன்ட் ஒருவர் வந்து, "இரண்டு பக்கமும் பேசி முடித்துத் தருகிறேன், இந்த வெற்றுத் தாளில் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்" என்பார். அவருக்குக் கூலி கொடுப்பவர் உங்கள் முதலாளி. வெற்றுத் தாளில் போடவே போடாதீர்கள். பேறுகால விடுப்பைத் தந்த 1961ஆம் ஆண்டுச் சட்டம் போய்விட்டது என்றும் மிரட்டுவார். 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்குச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு என்ற புதிய சட்டம் வந்திருப்பது உண்மை. 26 வாரமும் 80 நாளும் அதில் அப்படியே இருக்கின்றன.

ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருக்கிறதா? 21,000 ரூபாய் வரை வாங்குபவர்களுக்குத்தான் அது. பிடித்தம் இருந்தால், பணம் தருவது முதலாளி அல்ல, இ.எஸ்.ஐ. கழகம், விடுப்பு அப்போதும் 26 வாரம்தான். ஆனால் கழகத்தில் சந்தா நாள்களைப் பார்ப்பார்கள்: முந்தைய இரண்டு சந்தா காலங்களில் (ஒவ்வொன்றும் ஆறு மாதம்) 70 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். உங்களிடம் பிடித்துவிட்டு அங்கே கட்டாமல் விட்ட முதலாளிகளும் உண்டு. ஆகவே சீட்டை மட்டும் நம்பாமல், உங்கள் காப்பீட்டு எண்ணைக் கொண்டு கிளை அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். அங்கே வாசலில் நின்று, "நான் வாங்கித் தருகிறேன்" என்று பங்கு கேட்பவரிடம் ஒரு ரூபாய் கூடத் தராதீர்கள். உங்கள் சம்பளம் 24,000 என்பதால், பெரும்பாலும் கடைதான் தர வேண்டியிருக்கும்.

பதினெட்டுப் பேர் கடைக்கு இது பாரம் என்பதை நான் மறுக்கவில்லை. பெற்றெடுப்பதை நாட்டின் நலன் என்று மேடைதோறும் பேசும் அரசு, இ.எஸ்.ஐ.க்கு வெளியே உள்ளவர்களின் செலவு முழுவதையும் ஒரு கடைக்காரர் தலையில் கட்டியிருக்கிறது. அடுத்த முறை ஆள் எடுக்கும்போது அவர் ஆணையே தேடுவார் என்பது தெரிந்தும் ஆண்டுக்கணக்காகச் சும்மா இருக்கிறது. அந்தக் கணக்கை அவர் அரசிடம் கேட்கட்டும்; உங்கள் பிரசவத்தில் கழிக்கக் கூடாது.

இந்த வாரமே ஒரு கடிதம் எழுதுங்கள்: எந்தத் தேதியிலிருந்து விடுப்பு, பணத்தை யாரிடம் தர வேண்டும் என்று. மருத்துவச் சான்றின் நகலை இணையுங்கள். பிரசவத்துக்கு முந்தைய நாள்களுக்கான தொகையை முன்கூட்டியே தர வேண்டும். மீதியை, குழந்தை பிறந்ததற்கான சான்றைக் கொடுத்த 48 மணி நேரத்துக்குள். கடிதத்தைக் கையில் வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பணம் வராவிட்டால் அந்த ரசீதோடு தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் கொடுங்கள்.