ஐந்தாம் தந்தி எங்கே போனது?

கேள்வி: அண்ணா, நான் கிருஷ்ணகிரியில் சாதாரண ஆறு தந்தி நைலான் கிட்டார் வாசிக்கிறேன். காஸ்பார் சான்ஸ் என்ற ஸ்பானியரின் பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்த பிரதி ஒன்று கிடைத்தது. அதில் சுரம் எழுதவில்லை, ஐந்து கோடு போட்டு எண் எழுதியிருக்கிறது. அப்படியே வாசித்தால் மெட்டு கன்னாபின்னாவென்று குதிக்கிறது. தப்பு என் மேலா, புத்தகத்தின் மேலா?

பதில்: ரெண்டு பேர் மேலும் இல்லை தம்பி. முதலில் அந்தக் கோடுகளைத் தலைகீழாகப் படிக்கிறீர்களா என்று பாருங்கள். இன்றைய டேபில் (விரல் வைக்கும் இடத்தைக் கோட்டின் மேல் எண்ணால் காட்டும் முறை) மேல் கோடு முதல் தந்தி, சான்ஸ் எழுதும் இத்தாலிய முறையில் மேல் கோடுதான் ஐந்தாம் தந்தி. கூடவே ஏ, பி என்று எழுத்துகளும் இருக்கும். அதை ஏ கார்டு என்று நினைத்து அடித்துவிடாதீர்கள், ஏ என்று எழுதியிருந்தால் ஜி மேஜர், பி என்றால் சி மேஜர். நானே இதில் ஒரு வாரம் ஏமாந்திருக்கிறேன்.

இதைச் சரிசெய்த பிறகும் குதிக்கும். டேப் விரல் எங்கே போக வேண்டும் என்று மட்டும்தான் சொல்லும், என்ன ஒலி வரும் என்பது மாட்டியிருக்கும் தந்தியைப் பொறுத்தது. சான்ஸின் புத்தகம் 1674-இல் சரகோசாவில் வந்தது. அவருடைய கிட்டாரில் ஐந்து ஜோடித் தந்திகள். நான்காவதிலும் ஐந்தாவதிலும் தடித்த தந்தியே போடாமல் ரோம் நகர வித்வான்கள் வாசித்தார்கள் என்று அவரே எழுதுகிறார், நுணுக்கமாக மீட்டி வாசிக்க அதுதான் நல்லது என்பது அவர் கட்சி. அதாவது அந்த ரெண்டு ஜோடியும் உங்கள் கிட்டாரில் இருப்பதைவிட ஒரு ஸ்தாயி மேலே. அப்போது இருப்பதிலேயே கீழான சுரம் மூன்றாம் தந்தியின் ஜி!

ஏன் இந்தக் கூத்து? செய்து பாருங்கள். நான்காம் தந்தியைக் கழற்றிவிட்டு அங்கே ஒரு முதல் தந்தியை மாட்டி டி வரை இறக்குங்கள், ஐந்தாவதற்கு ஒரு இரண்டாம் தந்தியை மாட்டி ஏ வரை இறக்குங்கள். நட்டின் (கழுத்தின் நுனியில் தந்திகள் உட்காரும் பட்டை) பள்ளம் தடித்த தந்திக்கு வெட்டியது, மெல்லிய தந்தி அதில் ஆடி இரையும், பஸ் டிக்கெட்டை மடித்து அடியில் சொருகினால் அடங்கிவிடும் (நம்ம தர்மபுரி டவுன் பஸ் டிக்கெட் இதற்கு அளவெடுத்த மாதிரி). ஆறாவதைத் தொட வேண்டாம். இப்போது மூன்றாம் தந்தி, ஐந்தாவது, இரண்டாவது, மூன்றும் விரல் வைக்காமல் திறந்தபடி. அடுத்து மூன்றாவதில் ஐந்தாம் ஃப்ரெட் (கழுத்தின் குறுக்குக் கம்பி), அப்புறம் நான்காவதும் முதலாவதும் திறந்தபடி. ஜி, ஏ, பி, சி, டி, ஈ என்று வரிசையாக ஏறும், ஒரே ஒரு விரல்தான் வேலை செய்கிறது, ஒரு சுரம் அடங்குவதற்குள் அடுத்தது அதன்மேல் வந்து விழும், கோயில் மணிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஆட்டிவிட்ட மாதிரி. இதே விரலை உங்கள் பழைய தந்தியில் வைத்தால் ஏ-யும் டி-யும் மட்டும் ஒரு ஸ்தாயி கீழே போய் விழும். நீங்கள் கேட்ட குதிப்பு அதுதான்.

தந்தி மாற்ற மனசில்லையென்றால் சுரங்களை உண்மையான உயரத்தில் எழுதிக்கொண்டு வேறு விரலில் வாசிக்கலாம். மெட்டு சரியாக வரும், அந்த மணிச்சத்தம் பாதி போய்விடும். பேஸ் (கீழ்ச்சுரம்) இல்லையே என்று கீழே நீங்களாகச் சேர்க்கும் ஆசையை மட்டும் கொஞ்சம் அடக்குங்கள்.

கேள்வி: லூட் என்ற பழைய ஐரோப்பியத் தந்திக் கருவியின் பாடல்களைக் கிட்டாருக்கு மாற்றும்போது சுருதியை மாற்றுவது குற்றமா ஐயா? (பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகி)

பதில்: ஜெர்மன் இசைமேதை பாக்கே அதைச் செய்தார் அம்மா. செல்லோவுக்கு சி மைனரில் எழுதிய ஐந்தாம் சூட்டை (நடன இசைத் தொகுப்பு) லூட்டுக்குக் கொண்டுவந்தபோது ஜி மைனராக்கினார். பிரெஞ்சு வித்வான் ராபர்ட் த விசேயின் சில பாடல்கள் கிட்டாருக்கு ஒரு வடிவம், தியோர்போ என்ற நீளக் கழுத்து லூட்டுக்கு ஒரு வடிவம் என்று கிடைக்கின்றன. ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எதை விட்டார்கள், எதைக் கூட்டினார்கள் என்று தெரியும், என்னைக் கேட்பதைவிட அது மேல். பாக் காலத்து பரோக் லூட்டில் 11 அல்லது 13 ஜோடி, கீழே நீண்டு ஒலிக்கும் பேஸ் தந்திகள் வேறு. கிட்டாரில் ஆறாவதை டி-க்கு இறக்கி, எட்டாத பேஸை ஒரு ஸ்தாயி மேலே தூக்குங்கள். ஆனால் ஒரே பேஸ் வரி படிப்படியாக இறங்கும்போது நடுவில் ஒரு சுரத்தை மட்டும் தூக்காதீர்கள், வரியையே மொத்தமாகத் தூக்குங்கள். முந்தைய காலத்து, ஆறு ஜோடி ரெனசான்ஸ் லூட் என்றால் வேலை சுலபம்: மூன்றாம் தந்தியை அரைச்சுரம் இறக்கி, மூன்றாம் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) போட்டு டேபை நேராக வாசிக்கலாம்.

கேள்வி: என்னிடம் யூகுலேலே என்ற நாலு தந்திக் குட்டி கிட்டார்தான் இருக்கிறது. சான்ஸின் பாடல்கள் அதில் வருமா? (ஓசூர் மாணவர்)

பதில்: வரும். உங்கள் நான்காம் தந்தி ஏற்கெனவே மேல் ஸ்தாயிதானே! ஐந்தாம் ஜோடி வராத இடமெல்லாம் டேப் அப்படியே பொருந்தும், ஐந்து ஃப்ரெட் அளவு மேலே ஒலிக்கும், அவ்வளவுதான். ஐந்தாம் ஜோடி வந்தால் அந்த எண்ணோடு ரெண்டு கூட்டி மூன்றாம் தந்தியில் பிடியுங்கள்.