சின்ன வெப் ஆப்புக்குத் திடீரென்று கூட்டம் வந்தால் பெரிய சர்வர் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

தனியாளாக ஒரு வெப் ஆப் நடத்துவதாகவும், திடீரென்று கூட்டம் வந்தால் சர்வர் படுத்துவிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். காசைச் செலவழிக்கும் முன் என் கதையைக் கேளுங்கள்.

பொறியியல் கலந்தாய்வு கட்-ஆஃப் பார்க்க ஒரு தளம் செய்து வைத்திருந்தேன். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 50, 50, ஆக மொத்தம் 200. மதிப்பெண்ணைப் போட்டால் கட்-ஆஃப் வரும், கூடவே போன வருடம் எந்தக் கல்லூரியில் எந்தக் கட்-ஆஃபோடு இடம் முடிந்தது என்ற பட்டியலும் வரும். 1 ஜிபி ராம் சர்வர். வருடம் முழுக்க ஈ ஓட்டும். பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று யாரோ லிங்க்கை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்கள். சற்று நேரத்தில் எங்கு பார்த்தாலும் 502, அதாவது பின்னாலிருக்கும் ஆப்பிடமிருந்து சரியான பதில் வரவில்லை என்ற பிழை.

பதற்றத்தில், வருகிற கோரிக்கைகளைக் கவனிக்கும் ஒர்க்கர்களின் எண்ணிக்கையை 4-லிருந்து 20 ஆக்கினேன். ராம் தீர்ந்துபோய், லினக்ஸ் என் டேட்டாபேஸான போஸ்ட்கிரஸையே கொன்றுவிட்டது. பந்தியில் கூடுதலாக இலை போட்டால் அடுப்பில் சோறு சீக்கிரம் வெந்துவிடுமா?

சர்வரின் பதிவேடான லாகைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. வந்தவர்கள் எல்லோரும் கேட்டது அதே பட்டியலை. போன வருடக் கட்-ஆஃப் இனி மாறப்போவதில்லை, அதை ஆளுக்கு ஒரு முறை டேட்டாபேஸில் தேடி எடுத்துக்கொண்டிருந்தேன். ஆப்புக்கு முன்னால் நிற்கும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸில் கேஷ் போட்டேன், அதாவது ஒருமுறை தயாரித்த பக்கத்தை எடுத்துவைத்து அடுத்தவருக்கும் அதையே கொடுக்கும் ஏற்பாடு. ஒன்றும் குறையவில்லை! அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டபின் தெரிந்தது: பதிலில் செட்-குக்கி (பிரவுசரில் ஒரு அடையாளச் சீட்டை வைக்கச் சொல்லும் வரி) இருந்தால் என்ஜின்எக்ஸ் அதைக் கேஷில் வைக்காது. லாகினே இல்லாத தளத்தில், ஆப்பைக் கட்டப் பயன்படுத்திய ஃபிரேம்வொர்க் ஒவ்வொரு பக்கத்துக்கும் செஷன் குக்கி ஒட்டி அனுப்பிக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கினேன். ஃபேஸ்புக்கிலிருந்து வரும் லிங்க்குகளில் எஃப்பிசிஎல்ஐடி (fbclid) என்று ஒரு வால் வரும், ஆளுக்கு ஆள் வேறு. ஒவ்வொன்றையும் கேஷ் புதுப் பக்கமாக நினைத்தது. பக்கத்தை அடையாளம் காணக் கேஷ் வைத்துக்கொள்ளும் கீயிலிருந்து அந்த வாலையும் வெட்டினேன். லோடு சரசரவென்று இறங்கியது.

கட்-ஆஃப் கணக்கைக்கூட சர்வரில்தான் போட்டுக்கொண்டிருந்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இயற்பியலையும் வேதியியலையும் கூட்டி இரண்டால் வகுத்துக் கணிதத்தோடு சேர்க்கிற விஷயம், இப்போது பிரவுசரே பார்த்துக்கொள்கிறது.

சர்வருக்கு முன்னால் நின்று பக்கங்களைக் கொடுக்கும் கிளவுட்ஃப்ளேர் சேவை இருக்கிறதே என்று நம்பி இருந்துவிடாதீர்கள். நாம் தனியாக ரூல் போடாதவரை எச்டிஎம்எல் பக்கத்தை அது கேஷ் செய்யாது, படம், சிஎஸ்எஸ் போன்றவற்றைத்தான் செய்யும்.

உங்கள் ஆப்பில் லாகின் இருந்தால் இவ்வளவு சுலபமில்லை. ஆளுக்கு ஆள் மாறும் பக்கத்தைப் பொதுக் கேஷில் வைத்தால் ஒருவர் விவரம் இன்னொருவருக்குப் போய்விடும். அங்கே மெயில், ரிப்போர்ட் போன்ற கனமான வேலைகளை, பிறகு ஒவ்வொன்றாகச் செய்யும் க்யூவுக்குத் தள்ளுங்கள். மெதுவான குவெரிக்கு, அதாவது டேட்டாபேஸ் தேடலுக்கு, புத்தகத்தின் பின்னட்டவணை போல ஒரு இன்டெக்ஸ் இருக்கிறதா பாருங்கள். மிஞ்சிய கூட்டத்துக்கு 'கொஞ்ச நேரம் கழித்து வாருங்கள்' என்று ஒரு ஸ்டாட்டிக் பக்கம் காட்டலாம். எல்லோரையும் சுற்றவிடுவதைவிட அது மரியாதை.

அடுத்த வருடம் ரிசல்ட்டுக்கு முந்தின வாரம், ராத்திரி வீட்டிலிருந்து ஒரே நேரத்தில் நிறையக் கோரிக்கை அனுப்பிச் சோதிக்கும் அப்பாச்சி பெஞ்ச் வைத்து அதே 1 ஜிபி சர்வரை அடித்துப் பார்த்தேன். முதலில் மூச்சு வாங்கியது எங்கள் வீட்டு வைஃபைதான்.