இணைப்பு இருக்கிறது, கோப்பு இல்லையாம்!

கேள்வி: அச்சகக் கணினியில் உபுண்டு (லினக்ஸ் வகை). பத்திரிகை டிசைன்கள் இருக்கும் ஃபோல்டர் இரண்டாவது டிஸ்கில். அதற்கு ஓர் இணைப்பு வைக்க, டெர்மினலில் (கட்டளை தட்டும் திரை) 'எல்என்' (ln) கட்டளை கொடுத்தால் மறுக்கிறது. '-எஸ்' சேர்த்தால் இணைப்பு உருவாகிறது, திறந்தால் 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்கிறது. ஏன்?
– வாசகர், மன்னார்குடி

பதில்: முதல் மறுப்பு நியாயமானது. வெறும் 'எல்என்' போடுவது ஹார்ட் லிங்க். ஒரே தரவுக்கு இன்னொரு பெயர். அது ஒரு ஃபைல் சிஸ்டத்தை (டிஸ்கில் கோப்புகளை அடுக்கும் அமைப்பு) விட்டு இன்னொரு டிஸ்குக்குத் தாண்டாது, ஃபோல்டருக்கும் ஆகாது. உங்களுக்கு '-எஸ்'தான் சரி; அது அசல் இருக்கும் இடத்தைக் காட்டும் சிம்பாலிக் லிங்க்.

ஆனால் '-எஸ்' இணைப்பில் இருப்பது நீங்கள் தட்டிய பாதை (அசலின் முகவரி) மட்டுமே, எழுத்துக்கு எழுத்து. அந்த இடத்தில் கோப்பு உண்டா என்று கட்டளை பார்ப்பதே இல்லை. பாதி பாதையைக் கொடுத்தால், நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து அல்ல, இணைப்பு இருக்கும் இடத்திலிருந்து தேடும். சிக்கல் பெரும்பாலும் இதுதான். சாய்கோட்டில் (/) தொடங்கும் முழுப் பாதையைக் கொடுங்கள். அல்லது '-எஸ்ஆர்' போட்டால் சரியான பாதையை அதுவே கணக்கிட்டுக்கொள்ளும். அசல் முதலில், புதுப் பெயர் பிறகு; காப்பி எடுக்கும் அதே வரிசை.

சரிபார்க்க 'எல்எஸ் -எல்': அம்புக்குறிக்குப் பின் வரும் பாதையைப் படியுங்கள். பழைய ஃபோல்டர் இணைப்பை மாற்ற '-எஸ்எஃப்என்'. அந்த 'என்' விட்டுப்போனால் புது இணைப்பு பழைய ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நீக்கும்போது 'ஆர்எம்' போதும். பெயரின் கடைசியில் சாய்கோடு வேண்டாம், உள்ளிருப்பதையெல்லாம் கேட்காமல் அழிக்கும் '-ஆர்எஃப்' வேண்டவே வேண்டாம். டிசைன்களே போய்விடலாம்.

எக்ஸ்ஃபேட் (exFAT) முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் இந்த இணைப்புகள் உருவாகாது.