பதினாறாம் பாகத்தில் இல்லாத தோழர்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஃபைனல் ஃபேன்டஸி என்ற ஜப்பானிய வீடியோ கேம் தொடரைப் பத்தாம் பாகத்திலிருந்து ஆடி வருகிறேன். எதிரி காத்திருக்க, யாரை முன்னால் அனுப்புவது, எந்த மந்திரத்தை ஏவுவது என்று நான் நிதானமாக யோசித்து முடிவெடுக்கும் அந்தச் சண்டை முறைதான் என்னை இத்தொடருக்குள் இழுத்தது. 2023இல் வந்த பதினாறாம் பாகத்தில் அதன் தடயமே இல்லை. பொத்தான்களை விரைந்து அழுத்தும் அதிரடி ஆட்டமாக அது மாறிவிட்டது. இத்தனை ஆண்டுகள் உடன் வந்தவர்களை விட்டுவிட்டு, அதே பெயரில் வேறொன்றைத் தருவது துரோகம் இல்லையா? ரசிகரின் எதிர்பார்ப்புக்குப் படைப்பாளி எந்த அளவுக்குக் கட்டுப்பட்டவர்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் வருத்தத்தில் பாதி எனக்கும் உண்டு. ஆனால் நீங்கள் சுட்டுகிற இடத்தில் அது இல்லை.

துரோகம் என்று சொல்ல வேண்டுமானால், கொடுத்த வாக்கு ஒன்று மீறப்பட்டிருக்க வேண்டும். சண்டை முறை மாறாது என்ற வாக்கை இந்தத் தொடர் எப்போதும் கொடுத்ததில்லை. தொடரை உருவாக்கிய ஹிரோனோபு சகாகுச்சியின் முதல் பாகம் 1987 டிசம்பரில் வந்தது. அடுத்த ஆண்டே வந்த இரண்டாம் பாகம், அனுபவப் புள்ளிகளைச் சேர்த்து லெவல் ஏறும் அடிப்படை ஏற்பாட்டையே கைவிட்டு, வாளை எடுத்தால் வாள்திறன் வளரும், அடி வாங்கினால் உடல்வலு வளரும் என்றொரு புதிய விதியை வைத்தது. உடல்வலுவைக் கூட்டுவதற்காகத் தம் குழுவினரைத் தாமே அடித்துக்கொண்ட ஆட்டக்காரர்கள் அன்று பலர். 1991இல் வந்த நான்காம் பாகத்தில் ஹிரோயுகி இட்டோ வடிவமைத்த முறையில் கடிகாரம் ஓடத் தொடங்கியது. நீங்கள் கட்டளைப் பட்டியலைப் பார்த்து யோசித்துக்கொண்டிருக்கும்போதே எதிரி அடித்துவிடலாம். ஒன்பதாம் பாகம் வரை, ஏறத்தாழ பத்து ஆண்டுகள், இந்த ஓடும் கடிகாரம்தான் தொடரின் அடையாளமாக இருந்தது.

அதை நிறுத்தியது நீங்கள் நேசிக்கும் பத்தாம் பாகம். 2001இல் அது வந்தபோது, கடிகாரத்தை எடுத்துவிட்டு எதிரியைக் காத்திருக்க வைத்தது. கதைமாந்தருக்கு முதன்முறையாகக் குரல் கொடுத்தது. நாமே நடந்து சுற்றும் உலக வரைபடத்தை நீக்கியது. ஏழாம் பாகத்தில் வளர்ந்த ஒருவருக்கு அன்று அது தன் தொடராகத் தெரியாமல் போயிருக்கலாம். உங்களுக்கோ அதுவே மூல வடிவம். நாம் எந்த வயதில், எந்தப் பாகத்தின் வழியாக உள்ளே நுழைந்தோமோ, அதையே தொடரின் இயல்பு என்று மனம் பதித்துக்கொள்கிறது. இது குறையல்ல; ஆனால் படைப்பாளியின் மீது சுமத்தக்கூடிய ஒப்பந்தமும் அல்ல.

டிராகன் குவெஸ்ட் என்ற மற்றொரு ஜப்பானிய ஆட்டத் தொடரின் நிலை வேறு. 1986இல் தொடங்கியதிலிருந்து யூஜி ஹோரியின் வடிவமைப்பு, அகிரா தோரியாமாவின் ஓவியம், கோயிச்சி சுகியாமாவின் இசை என்று ஒரே கைகளில் வளர்ந்து, மாறாமல் இருப்பதையே தன் சிறப்பாக வளர்த்தெடுத்த தொடர் அது. 2006 இறுதியில் அதன் ஒன்பதாம் பாகம் நிகழ்நேரச் சண்டையுடன் அறிவிக்கப்பட்டபோது ஜப்பானிய ரசிகர்கள் கடுமையாக எதிர்த்தனர். 2009இல் ஆட்டம் கைக்கு வந்தபோது அது பழைய கட்டளை முறைக்கே திரும்பியிருந்தது. அந்த ரசிகர்கள் கேட்டது நியாயம் என்றே கருதுகிறேன், ஏனெனில் அந்த எதிர்பார்ப்பைத் தொடரே இருபது ஆண்டுகளாக ஊட்டி வளர்த்திருந்தது.

இனி என் வருத்தத்துக்கு வருகிறேன். சண்டை முறை பாகத்துக்குப் பாகம் மாறினாலும், ஃபைனல் ஃபேன்டஸியின் மையப் பாகங்களில் ஒரு விஷயம் மாறாமல் இருந்தது: நாம் ஒருவராக அல்ல, ஒரு குழுவாக ஆடினோம். முதல் பாகத்தில் நான்கு வீரர்களுக்கும் போர்வீரன், மந்திரவாதி என்று நாமே தொழில் தேர்ந்தோம். பத்தாம் பாகத்தில் பறக்கும் எதிரிக்கு வாக்காவின் பந்து, தடித்த ஓடுள்ள எதிரிக்கு ஆரனின் வாள், வாளுக்கு மசியாத எதிரிக்கு லூலுவின் மந்திரம் என்று நடுச்சண்டையில் ஆளை மாற்றி மாற்றி அழைத்தபோது, ஒவ்வொருவரும் நமக்கு ஏன் வேண்டும் என்பதை விரல்களாலேயே கற்றோம். அதன் நாயகி யூனாவின் பயணம் முடியும்போது ஏற்படும் துயரத்தில் பாதி, அத்தனை மணிநேரம் அவர்கள் எல்லோருக்காகவும் யோசித்ததிலிருந்து வருவது. 2006இன் பன்னிரண்டாம் பாகம்கூட, தோழர்கள் எந்த நிலையில் என்ன செய்ய வேண்டும் என்ற விதிகளை நாமே எழுதித் தரும்படி வைத்திருந்தது. ஆட்டம் தானே ஆடிக்கொள்கிறது என்று அதைக் குறை கூறியவர்கள், அந்த விதிகளை எழுதுவதே ஆட்டம் என்பதைக் கவனிக்கவில்லை.

பதினாறாம் பாகத்தில் ஏறத்தாழ முழுக்க நம் கையில் இருப்பது நாயகன் கிளைவ் ஒருவன் மட்டுமே. கேப்காம் என்ற ஆட்ட நிறுவனத்தில் சண்டைக்காட்சிகளை வடிவமைத்த ரியோட்டா சுசுகியின் உழைப்பில் அவனுடைய வாள்வீச்சு மிக நேர்த்தியாக அமைந்திருக்கிறது. அதை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அவன் தோழி ஜில் அருகிலேயே நின்று போரிடும்போதும் அவளிடம் நாம் ஒரு கட்டளைகூடச் சொல்ல முடியாது. கட்டளைக்குச் செவிசாய்ப்பது டார்கல் என்ற நாய் மட்டும்தான். தோழமையைப் பற்றி விரிவாகப் பேசும் கதையில் தோழர்கள் வெறும் பார்வைக்கு நிற்பது எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிகிறது.

அதிரடி முறைதான் இதற்குக் காரணம் என்று நான் நினைக்கவில்லை. 2020இல் வந்த ஏழாம் பாகத்தின் மறுஆக்கமும் அதிரடி ஆட்டமே. அதில் கட்டளைப் பட்டியலைத் திறந்தால் காலம் ஏறத்தாழ உறைந்து நிற்கும்; தோழர்களான டீஃபாவாகவோ பாரெட்டாகவோ ஏரித்தாகவோ மாறி நாம் போரிடலாம். 2005இல் ஒரு சிறு காட்சித்துண்டு வெளியானதிலிருந்து ரசிகர்கள் பதினைந்து ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருந்த ஆட்டம் அது. கதை பழைய பாதையிலிருந்து விலகும்போதெல்லாம் குறுக்கே வந்து அதைத் திருப்பிவிடும் ஆவிகளை அதில் வைத்து, இறுதியில் அவற்றோடு நம்மையே போரிட வைத்தார்கள். பலர் கோபமடைந்தனர். நான் அதை, பழைய கதையே வேண்டும் என்ற ரசிகர்களிடம் நேர்மையாகப் பேசிய ஒரு பதிலாக எடுத்துக்கொண்டேன்.

இதற்கு நேர் எதிர்த்திசையில் நடந்த மாற்றம் ஒன்றும் அதே 2020இல் நிகழ்ந்தது. கைகலப்புக்குப் பெயர்பெற்ற யகுஸா என்ற ஆட்டத் தொடர், 'லைக் எ டிராகன்' பாகத்தில் உங்களுக்குப் பிடித்த காத்திருந்து அடிக்கும் முறைக்கு மாறியது. பழைய நாயகன் கிரியூ பெரும்பாலும் தனியாக நின்றவன். புதிய நாயகன் இச்சிபான், டிராகன் குவெஸ்டில் திளைத்து வளர்ந்தவன், தோழர்கள் இன்றி ஓரடி நடக்காதவன். ஆளுக்கேற்ப ஆட்டம் மாறியதால், அந்த மாற்றத்துக்குக் கதைக்குள்ளேயே காரணம் இருந்தது.

எனவே உங்கள் இரண்டாம் கேள்விக்கு என் பதில்: பட்டியல் வேண்டும், கடிகாரம் கூடாது என்பதற்கெல்லாம் படைப்பாளி கட்டுப்பட்டவர் அல்லர். தன் தொடரே எதை ஊட்டி வளர்த்ததோ அதை எடுக்கும்போது, அந்த இடத்தில் என்ன வைக்கிறோம் என்பதற்கு அவர் பொறுப்பாளி. பதினாறாம் பாகம் அந்த இடத்தை வெற்றிடமாக விட்டது என்பதே என் குறை. அடுத்த பாகமும் அதிரடியாக வந்தால் நான் வருந்த மாட்டேன். அதிலும் தோழர்களின் கையை நாம் பற்ற முடியாமல் போனால், உங்களோடு சேர்ந்து நானும் புகார் எழுதுவேன். அதுவரை, 2024இல் வந்த ஏழாம் பாக மறுஆக்கத்தின் இரண்டாம் பகுதியை ஆடிப் பாருங்கள். இருவர் இணைந்து அடிக்கும் தாக்குதல்கள் அதில் உள்ளன. பிடித்ததா என்று எழுதுங்கள்.

அன்புடன்